நினைவு நாணயங்கள்: வெள்ளியின் எடையும் உருவத்தின் எடையும்

1969-ஆம் ஆண்டு, காந்தியின் நூற்றாண்டையொட்டி இந்திய அரசு ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வெளியிட்டது. எடை 15 கிராம், விட்டம் 34 மில்லிமீட்டர், வெள்ளி 80 விழுக்காடு. ஒரு பக்கம் அசோகர் சிங்கத்தூண். மறுபக்கம் இடப்புறம் நோக்கிய காந்தியின் முகம், நாகரியிலும் ஆங்கிலத்திலும் பெயர், 1869–1948 என்ற ஆண்டுகள். வேறொன்றுமில்லை. குடியரசு இந்தியா அடித்த முதல் வெள்ளி நாணயம் அது. அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1964-இல், நேரு மறைந்தபோது வந்த ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும்தான் நாட்டின் முதல் நினைவு நாணயங்கள். அவை நிக்கலில் அடிக்கப்பட்டவை.

இன்று நினைவு நாணயம் என்றதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி 'இதில் எத்தனை கிராம் வெள்ளி?' என்பதுதான். நகைக்கடையில் கேட்டாலும் பரம்பரைப் பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளை கேட்டாலும் கேள்வி மாறுவதில்லை. அது நியாயமான கேள்வி. அதற்கான விடையில் ஒரு பொருளாதார வரலாறே இருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், அந்த வில்லையின் மேல் அரசு எழுதி வைத்த மற்றொரு கணக்கைத் தவறவிட்டுவிடுவோம். எந்த முகம், எந்தச் சின்னம், எந்த எழுத்து, யார் கைக்குப் போகிறது என்பது அந்த இரண்டாவது கணக்கு. ஒரு சேகரிப்பை மதிப்புள்ளதாக்குவது அதுவே என்பது என் துணிபு.

முதல் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1969-இன் பத்து ரூபாயில் தனி வெள்ளி 12 கிராம். 1972-இல், விடுதலையின் வெள்ளி விழாவுக்கு வந்த பத்து ரூபாயின் எடை சுமார் 22.5 கிராம், கையில் எடுத்தால் காந்தி நாணயத்தைவிடக் கனம். ஆனால் தரம் 50 விழுக்காடாக இறங்கிவிட்டது. தனி வெள்ளி 11.25 கிராம்தான். பெரிதாகவும் கனமாகவும் ஆக்கி, உள்ளிருக்கும் வெள்ளியைச் சற்றே குறைத்தார்கள். 1973-இல் வந்த இருபது ரூபாயின் எடை 30 கிராம், அதில் வெள்ளி 15 கிராம். 1974-இல் ஐம்பது ரூபாய் வந்தது: எடை சுமார் 35 கிராம், வெள்ளி சுமார் 17.5 கிராம். 1980-களின் நூறு ரூபாயும் அதே 35 கிராம், அதே பாதி வெள்ளி.

ஒவ்வொரு கிராம் வெள்ளிக்கும் நாணயத்தில் எவ்வளவு ரூபாய் எழுதியிருக்கிறது என்று வகுத்துப் பாருங்கள். 1969-இல் 83 பைசா. 1972-இல் 89 பைசா. 1973-இன் இருபது ரூபாயில் 1 ரூபாய் 33 பைசா. 1974-இல் ஏறக்குறைய 2 ரூபாய் 86 பைசா. நூறு ரூபாய் நாணயத்தில் 5 ரூபாய் 71 பைசா. பத்தாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் ஏறக்குறைய ஏழு மடங்கு. விலைவாசி உயர்வைப் பற்றி நிதியமைச்சர்கள் என்ன சொல்லியிருந்தாலும், அக்கசாலை இந்த வில்லைகளில் அதைத் துல்லியமாகப் பதிந்து வைத்திருக்கிறது. அதன்பின் வெள்ளியின் சந்தை விலை முகமதிப்பை எங்கோ பின்னுக்குத் தள்ளிவிட்டது. நூறு ரூபாய் என்று எழுதிய நாணயத்தை நூறு ரூபாய்க்கு யாரும் கொடுக்கமாட்டார்கள்; அரசே விற்பதில்லை. அக்கசாலை அதற்குத் தனி விலை வைக்கிறது. சட்டப்படி அது செல்லுபடியாகும் பணம். நடைமுறையில் பெட்டிக்குள் இருக்கும் பதக்கம்.

இந்தப் பாதி வெள்ளிக் கலவைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அண்மைக்கால நூறு ரூபாய் நாணயங்கள் பலவற்றின் அரசிதழ் அறிவிப்பில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்: வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. நால்வகை உலோகக் கலவை என்று இதைச் சொல்வார்கள். முதல் உலகப் போருக்குப்பின் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டன் தன் நாணயங்களின் தரத்தைப் பாதியாக்கி, 1927-இல் வந்து சேர்ந்த விகிதம் இது. இந்தியாவில் அதுவரை ரூபாய் என்றால் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கினார்கள். 1940-இல் இந்திய ரூபாயும் பாதி வெள்ளிக்கு இறங்கியது. போலிகளைத் தடுக்க விளிம்பில் பள்ளம் வெட்டிப் பாதுகாப்புக் கோலம் போட்டார்கள். போர் முடிந்ததும் அந்தப் பாதி வெள்ளியும் போய் நிக்கல் ரூபாய் வந்தது. வீட்டில் ஆறாம் ஜார்ஜ் முகம் போட்ட 1944 அல்லது 1945 ரூபாய் இருந்தால், அதையும் இன்றைய நூறு ரூபாயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். காலம் ஏற ஏற இரண்டிலும் ஏறும் மங்கல் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

இனி உருவங்களுக்கு வருவோம்.

எழுபதுகளின் நாணயங்களே இந்திய நினைவு நாணயங்களில் மிக உயிருள்ளவை என்று நினைக்கிறேன். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1968-இல் உலக நாடுகளை ஒரு நாணயத் திட்டத்துக்கு அழைத்தது. உணவு உற்பத்தி என்ற கருத்தை ஒவ்வொரு நாடும் தன் நாணயத்தில் பொறிக்க வேண்டும் என்பது கோரிக்கை. இந்தியா அதில் ஆர்வத்துடன் சேர்ந்தது. அறுபதுகளின் நடுவில் அடுத்தடுத்து வந்த வறட்சியும், கப்பலில் வந்திறங்கிய அமெரிக்கக் கோதுமையும் எல்லோர் நினைவிலும் பச்சையாக இருந்த காலம். அதனால் அந்தத் தொடரின் வாசகங்கள் வெறும் அலங்காரமாகத் தெரியவில்லை: 1970-இல் 'எல்லோருக்கும் உணவு', 1973-இல் 'அதிக உணவு விளைவிப்போம்', 1976-இல் 'எல்லோருக்கும் உணவும் வேலையும்', 1978-இல் 'எல்லோருக்கும் உணவும் உறைவிடமும்'. பத்தாண்டு கால அரசுக் கவலைகளை ஆண்டு வரிசையில் படிக்க இதைவிடச் சுருக்கமான ஆவணம் கிடைக்காது.

1974-இன் நாணயத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 'திட்டமிட்ட குடும்பம்: எல்லோருக்கும் உணவு' என்பது வாசகம். நடுவில் தாய், தந்தை, குழந்தைகள் ஒரு முக்கோண அமைப்பில், இருபுறமும் கதிர்கள். குடும்ப நலத் திட்டத்தின் சிவப்பு முக்கோணத்தை அன்று அறியாதவர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் பேருந்தின் முதுகிலும் அது இருந்தது. நிறமில்லாத வெள்ளியில் அந்த முக்கோணத்தை வடிவத்தால் மட்டுமே நினைவூட்டியிருக்கிறார் வடிவமைத்தவர். குடும்பத்தின் அளவும் தானியத்தின் அளவும் ஒரே சட்டகத்தில் வந்துவிடுகின்றன. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த இரண்டாண்டுகளில் நெருக்கடிநிலை வந்தது. கருத்தடை முகாம்களுக்கு ஆட்களைக் கட்டாயமாக இழுத்துப்போன கொடுமையும் நடந்தது. அதை அறிந்தபின் இந்த நாணயத்தைப் பார்ப்பவருக்கு, அந்தச் சிறிய குடும்பத்தின் ஒழுங்கான நிற்பு வேறு மாதிரி தெரியும். உருவம் மாறவில்லை, பார்ப்பவரின் அறிவு அதற்குப் புதுப் பொருளைச் சேர்த்துவிடுகிறது.

இன்னொன்றும் இந்த நாணயத்தில் உண்டு. இதே உருவம் ஐம்பது ரூபாய் வெள்ளியிலும் இருந்தது, பத்து பைசா அலுமினியத்திலும் இருந்தது. விளிம்பு வளைவு வளைவாக இருக்கும் அந்தப் பத்து பைசாவை அந்தத் தலைமுறையில் தொடாதவர் இருக்க முடியாது. மிட்டாய் வாங்கப் போன பிள்ளையின் உள்ளங்கையிலும், அக்கசாலையிலிருந்து பெட்டியோடு வாங்கிய சேகரிப்பாளரின் மேசையிலும் ஒரே செய்தி. 1975-இன் அனைத்துலக மகளிர் ஆண்டு நாணயமும் அப்படியே: 'சமத்துவம், வளர்ச்சி, அமைதி' என்ற வாசகத்தோடு ஒரு பெண்ணின் முகம், ஐம்பது ரூபாயிலும் பத்து பைசாவிலும். நினைவு நாணயம் என்பது அன்று பொதுமக்களோடு பேசும் ஊடகமாக இருந்தது. வெள்ளி அதன் உயர்தரப் பிரதி, அவ்வளவுதான்.

அந்த இணைப்பு பின்னர் மெல்ல அறுந்தது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும்கூட வெள்ளி நூறு ரூபாய்க்குத் துணையாக ஒரு ஐந்து ரூபாயோ ஒரு ரூபாயோ புழக்கத்துக்கு வரும். 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்த திருவள்ளுவர் ஐந்து ரூபாய் தேநீர்க் கடைகளில் புரண்டது நினைவிருக்கும். 2003-இல் காமராஜர் நூற்றாண்டுக்கும் 2009-இல் அண்ணா நூற்றாண்டுக்கும் நூறோடு ஐந்தும் வந்தது. இப்போது பெரும்பாலும் நூறு ரூபாய் வெள்ளி மட்டும் வருகிறது. மேடையில் திறந்து காட்டப்படுகிறது. அதன்பின் பெட்டிக்குள் போய்விடுகிறது. என். டி. ராமராவுக்கு 2023-இல் வந்ததும் கலைஞருக்கு 2024-இல் வந்ததும் அவ்வகையே. பொதுமக்கள் தொடாத நாணயத்தை நாணயம் என்று சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது.

உருவத்திலும் அதே சுருக்கம். எண்பதுகளுக்குப்பின் கருத்துகள் குறைந்து முகங்கள் பெருகின. 1982-இன் ஆசிய விளையாட்டு நாணயத்தில் ஜந்தர் மந்தர் அமைந்த சின்னம் இருந்தது; பார்க்க அழகானது. 1985-இல் இந்திரா காந்தி, 1989-இல் நேரு நூற்றாண்டு என்று வரிசை நீண்டு, அண்மைக்காலத்தில் ஒரு வார்ப்புரு நிலைபெற்றுவிட்டது: 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம், விளிம்பில் 200 பற்கள். முகப்பில் சிங்கத்தூண், கீழே நாகரியில் 'சத்யமேவ ஜயதே', இடப்பக்கம் நாகரியில் 'பாரத்', வலப்பக்கம் ஆங்கிலத்தில் 'இந்தியா', அடியில் ரூபாய்க் குறியும் மதிப்பும். மறுபக்கம் ஒரு முகம், மேலே நாகரியில் பெயர், கீழே ஆங்கிலத்தில் பெயர். பாடகர், அரசியல்வாதி, புள்ளியியல் அறிஞர், துறவி எல்லோரும் ஒரே சட்டகத்துக்குள் வந்து உட்காருகிறார்கள். எம். எஸ். சுப்புலட்சுமி ஒரு நாணயத்துக்கு உரியவர் என்பதில் ஐயமில்லை. அவருடைய இசையில் எது அந்த நாணயத்தில் வந்திருக்கிறது என்று கேட்டால் பதிலில்லை.

உருவம் சோர்ந்த இடத்தை எண்ணை வைத்து நிரப்ப ஒரு பழக்கம் வந்திருக்கிறது. தாகூரின் 150-ஆம் ஆண்டுக்கு 150 ரூபாய். ரிசர்வ் வங்கியின் பவள விழாவுக்கு 75. குரு கோவிந்த் சிங்கின் 350-ஆம் ஆண்டுக்கு 350. குருநானக்கின் 550-ஆம் ஆண்டுக்கு 550. 2023-இல் மீராபாய்க்கு 525. 2024-இல் ரிசர்வ் வங்கியின் தொண்ணூறாம் ஆண்டுக்கு 40 கிராம் 99.99 விழுக்காடு தூய வெள்ளியில் 90 ரூபாய். பணம் என்பது எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் ஒழுங்கு. 525 ரூபாய் நாணயம் அந்த ஒழுங்கில் எங்கும் பொருந்தாது. ஆண்டு எண்ணை விலையாக எழுதுவது வடிவமைப்பு ஆகாது. வடிவமைக்காமல் விட்டதன் அடையாளம்.

ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க உருவங்களும் உண்டு. 1972-இன் பத்து ரூபாயில் கொடியேந்திய ஆணும் பெண்ணும், பின்னால் நாடாளுமன்றக் கட்டடமும். 2023 மே 28-இல் புதிய நாடாளுமன்றத் திறப்பையொட்டி வந்த 75 ரூபாயிலும் நாடாளுமன்றம்தான். ஆனால் அங்கே மனிதர்கள் இல்லை, கட்டட வளாகம் மட்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால், குடியரசு தன்னைப் பார்க்கும் பார்வை 51 ஆண்டுகளில் எப்படி நகர்ந்தது என்பது புலப்படும். இப்படி இரண்டு நாணயங்களைப் பேச வைப்பதுதான் சேகரிப்பவரின் வேலை.

உருவம் நன்றாக வருவதும் கெடுவதும் பட்டறையில். சிற்பி முதலில் பெரிய அளவில் ஒரு புடைப்பு மாதிரியைச் செய்வார். அதை எந்திரத்தால் நாணய அளவுக்குச் சுருக்கி எஃகில் செதுக்குவார்கள். அதிலிருந்து அச்சுகள் பிறக்கும். இன்று இதில் பெரும்பகுதி கணினியில் நடக்கிறது. சேகரிப்பாளருக்கென அடிக்கும் புரூஃப் வகையில் வில்லையையும் அச்சையும் மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவார்கள். களம் கண்ணாடியாகப் பளபளக்கும், உருவம் பனி படர்ந்தாற்போல் மங்கலாக நிற்கும். புடைப்பு உயர உயர அழுத்தமும் கூடுதலாகத் தேவை. அச்சும் சீக்கிரம் தேயும். அதனால் அக்கசாலைகள் தாழ்ந்த புடைப்பையே விரும்பும். தாழ்ந்த புடைப்பில் ஒரு முகத்தை உயிரோடு கொண்டுவருவது மிகக் கடினமான கலை. கன்னத்துக்கும் மூக்குக்கும் இடையே மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான் இருக்கும். அதற்குள் வயதும் குணமும் தெரிய வேண்டும். பக்கவாட்டு முகம் இதற்கு ஏற்றது, ஏனென்றால் நெற்றி, மூக்கு, தாடை என்ற கோடே பாதி வேலையைச் செய்துவிடும். 1969-இன் காந்தி நன்றாக அமைந்ததற்கு இது ஒரு காரணம். நேராகப் பார்க்கும் முகத்தையோ முக்கால் பக்க முகத்தையோ புகைப்படத்திலிருந்து அப்படியே எடுத்துப் பொறித்தால், மூக்கு தட்டையாகி முகம் களிமண் போலாகிவிடும். அண்மைய நாணயங்கள் பலவற்றில் நடப்பது இதுதான்.

செதுக்கலில் நேரும் சிறு பிசகு ஒரு நாட்டையே உலுக்கியிருக்கிறது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜின் புதிய ரூபாய் வந்தது. அரசரின் மேலங்கியில் தொங்கும் விருது மாலையில் ஒரு சிறு யானை உண்டு. துதிக்கை குட்டையாகவும் கால்கள் தாழ்ந்தும் செதுக்கப்பட்டதால், அது பன்றி போலத் தெரிந்தது. இசுலாமியர் கொதித்தெழ, நாணயத்தைத் திரும்பப் பெற்று, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். சேகரிப்பாளர்கள் இன்றும் அதைப் 'பன்றி ரூபாய்' என்றே சொல்கிறார்கள். யானையின் அளவு கடுகைவிடச் சற்றுப் பெரிது.

எழுத்தும் அப்படித்தான். 1972 மூனிக் ஒலிம்பிக்கிற்காக மேற்கு ஜெர்மனி அடித்த பத்து மார்க் வெள்ளி நாணயத்தில் 'ஜெர்மனியில்' என்று பொறித்திருந்தது. கிழக்கு ஜெர்மனி எதிர்த்தது. இரண்டு ஜெர்மனிகள் இருக்க, ஒன்று மட்டும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாமா என்பது வாதம். அடுத்த நாணயங்களில் 'மூனிக்கில்' என்று மாற்றினார்கள். இரண்டு வகையும் சேகரிப்பில் இருந்தால்தான் பனிப்போரின் அந்தப் பக்கம் முழுமையாகும்.

தமிழ் எழுத்துக்கு நாணயத்தில் நெடிய வரலாறு உண்டு. கரூர்ப் பகுதியில் கிடைத்த, 'மாக்கோதை' என்ற சேர மன்னனின் நாணயம் வெள்ளி; அதில் வலப்புறம் நோக்கிய ஒரு தலை, மேலே தமிழ்ப் பிராமியில் பெயர். 'குட்டுவன் கோதை' நாணயமும் அவ்வாறே. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் படித்து வெளியிட்டார். அக்காலத்தில் கொங்கு நாட்டில் ரோம வெள்ளி தாராளமாகப் புழங்கியது. அவற்றுள் மிகுதியாகக் கிடைப்பவற்றில் ஒன்று, அகஸ்டஸ் தன் வளர்ப்பு மகன்கள் கையஸ், லூசியஸ் இருவரையும் இளவரசர்களாக உலகுக்கு அறிவித்து அடித்த தினாரியஸ். கேடயமும் ஈட்டியுமாக இருவரும் நிற்பார்கள். அதுவும் ஒரு வகையில் நினைவு நாணயம்தான். சேரன் அந்தத் தலையும் பெயருமான அமைப்பை எடுத்துக்கொண்டு, தன் முகத்தையும் தன் மொழியையும் வைத்தான். கடன் வாங்குவதில் இதைவிடத் தன்மானமான வழி இல்லை. சாதவாகனர் தங்கள் வெள்ளி முகநாணயங்களில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழுக்கு நெருங்கிய மொழியும் பொறித்தார்கள். பின்னாளில் இராசராசன் நாணயத்தில் நிற்கும் உருவம் ஒருபுறம், அமர்ந்த உருவம் மறுபுறம். ஆனால் 'ஸ்ரீராஜராஜ' என்ற பெயர் நாகரியில். தன் சாசனங்களைத் தமிழில் கல்லில் நிரப்பிய மன்னன் நாணயத்தில் நாகரியைத் தேர்ந்ததை, கடல் கடந்தும் வடக்கிலும் செல்ல வேண்டிய பணம் என்ற நோக்கில் பார்க்கலாம் என்று எனக்குப் படுகிறது.

2009-இல் அண்ணா நூற்றாண்டு நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இடம்பெற்றது. நாகரியும் ஆங்கிலமும் மட்டுமே ஏறும் அந்தச் சட்டகத்துக்குள், ஒரு மனிதரின் கையெழுத்தாகத் தமிழ் நுழைந்தது. அந்த நாணயத்தில் முகத்தைவிட உயிருள்ளது அந்தக் கையெழுத்தின் வளைவுகள்தான். அச்செழுத்தின் விறைப்பு இல்லை. 2024 ஆகஸ்ட் 18-இல் சென்னையில் வெளியான கலைஞர் நூற்றாண்டு நாணயத்தில் 'தமிழ் வெல்லும்' என்ற சொற்கள் வந்தன. அரசியல் மேடைகளில் இது பற்றி இரு தரப்பும் பேசின. வடிவமைப்பின் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது: நினைவுகூரப்படுபவரின் மொழியே உருவத்தின் பகுதியாகும்போது, நாணயம் அவருக்கே உரியதாகிறது. மீராபாய்க்கும் தாகூருக்கும் இதே நியாயம் பொருந்தும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு 2010 ஆண்டு பொறித்து வந்த ஆயிரம் ரூபாய் நாணயம் இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம். 35 கிராம், 80 விழுக்காடு வெள்ளி. தனி வெள்ளி 28 கிராம். 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் நாணயம் அடிக்க இடம் தரவில்லை. ஆகவே எண்ணளவில் அது உச்சம். இங்கே ஆயிரம் என்ற எண் ஓரளவு பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். விமானத்தின் நிமிர்வைச் சிறு வட்டத்துக்குள் அடக்குவது எளிதல்ல. வட்டம் எப்போதும் உயரத்தைச் சுருக்கப் பார்க்கும். அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை என்பது பெரிய குறை. அடித்தளம் முழுதும் தமிழ்க் கல்வெட்டு நிறைந்த கோயில் அது.

சேகரிக்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். முதலில் அரசிதழ் அறிவிப்பைப் படியுங்கள். ஒவ்வொரு நாணயத்துக்கும் தனி விதிகள் வெளியாகும். வடிவம், விட்டம், பற்களின் எண்ணிக்கை, உலோகக் கலவை, இரு பக்கத்தின் வருணனை அனைத்தும் அதில் இருக்கும். வாங்கும் நாணயத்தை அந்த அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடைத்தராசும் வெர்னியர் அளவியும் இருந்தால் பாதிப் போலிகளை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஆண்டுக்குக் கீழே உள்ள அக்கசாலைக் குறியைப் பாருங்கள்: மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியில்லை. மும்பையின் பழைய புரூஃப் நாணயங்களில் 'பி' என்ற ஆங்கில எழுத்து, 1996-க்குப்பின் 'எம்'.

வெள்ளியைத் துலக்காதீர்கள். புளியும் திருநீறும் பூசைப் பாத்திரத்துக்குச் சரி. நாணயத்தில் தேய்த்தால் மேற்பரப்பின் மெருகு நிரந்தரமாகப் போய்விடும், அதோடு விலையும் பாதியாகும். காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கருப்பது இயற்கை. விளிம்பிலிருந்து தொடங்கி மஞ்சள், பழுப்பு, நீலம் என்று படியும் அந்த நிறத்துக்காகவே அதிகம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண பிளாஸ்டிக் உறைகளில் உள்ள பிவிசி காலப்போக்கில் பச்சைப் பிசுபிசுப்பை விடும். கடினமான கேப்ஸ்யூல்தான் நல்லது. எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் குறுஞ்செய்திகளை நம்ப வேண்டாம். தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த ஐந்து, பத்து ரூபாய்களைச் சுற்றி எத்தனை வதந்திகள்! வெள்ளி நாணயத்தின் விலைக்கு மூன்றே அடிப்படை: உலோகம், நிலை, எத்தனை அடித்தார்கள் என்பது. நகைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலாவதை மட்டும்தான் பார்ப்பார்கள். 'செம்பு கலந்தது, பாதிதான் தேறும்' என்பார்கள். கலவையைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. ஆனால் உருக்கிவிட்டால் 1974-இன் அந்தக் குடும்பம் திரும்பி வராது.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. 1840-இன் ரூபாயில் விக்டோரியாவின் கழுத்து வெட்டில், உருப்பெருக்கியில் தெரியும் அளவுக்கு 'டபிள்யூ. டபிள்யூ.' என்ற எழுத்துகள் இருக்கின்றன. வில்லியம் வயான் என்ற செதுக்குநரின் பெயர் அது. வணிகக் கம்பெனியின் நாணயத்தில் கலைஞனுக்குக் கிடைத்த இடம், குடியரசின் நாணயத்தில் அக்கசாலைச் சிற்பிகளுக்குக் கிடைக்கவில்லை. 1974-இன் முக்கோணத்தை வரைந்தவர் பெயரை நாணயத்தைப் பார்த்து அறிய வழியில்லை. ஜெர்மனியில் நினைவு நாணயங்களுக்குக் கலைஞர்களிடையே போட்டி வைத்து, நடுவர் தேர்வையும் பெயர்களையும் வெளியிடுகிறார்கள். பிரிட்டனில் 1922 முதல் அக்கசாலைக்கு ஒரு கலை ஆலோசனைக் குழு இருக்கிறது. நம்மாலும் முடியும் என்பதற்கு வெளியே சான்று தேட வேண்டாம்: இன்று ஒவ்வொரு நாணயத்திலும் இருக்கும் ரூபாய்க் குறி 2010-இல் பொதுப் போட்டியில் தேர்வானது, வரைந்தவர் தமிழரான உதயகுமார்.

அதே வழியை நினைவு நாணயங்களுக்கும் வழக்கமாக்க வேண்டும். உருவத்துக்குப் போட்டி வையுங்கள். சிற்பியின் பெயரை அரசிதழ் அறிவிப்பிலாவது அச்சிடுங்கள். நினைவுகூரப்படுபவரின் மொழிக்கு வட்டத்துக்குள் இடம் கொடுங்கள். ஒவ்வொரு வெள்ளி நூறு ரூபாய்க்கும் துணையாக ஒரு ஐந்து ரூபாயைக் கடைத்தெருவுக்கு அனுப்புங்கள்.